முதல் வருஷம் ராஜா கிடையாது

ஜூன் 14

பாப்பா,

என் ஆட்டத்தில் நீ ராஜாவை வைத்துவிட்டாய். நலம் விசாரிப்பதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடிதம் முடியும்வரை தொண்டையில் நிற்கும்.

நீ அனுப்பிய பள்ளி ஆண்டு மலர் நேற்று வந்தது. உன் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் செஸ் ஆடுகிற படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். என் சிப்பாய்களுக்கு நடுவில், கிரீடம் வைத்துக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் ராஜா. அதை நான் கடையவில்லை. கடையில் வாங்கியிருக்கிறாய்.

மறந்துவிட்டாய் போலிருக்கிறது, அதனால் திரும்பச் சொல்கிறேன். முதல் வருஷம் ராஜா கிடையாது. இந்தப் பக்கம் எட்டுச் சிப்பாய், அந்தப் பக்கம் எட்டுச் சிப்பாய். எதிர் ஓரத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர் ஜெயித்தவர். நகர்த்துவதற்கு முன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கை வெளியே வரலாம். இவ்வளவுதான் ஆட்டம். ஆறு வயசுப் பிள்ளைக்கு இதற்கு மேல் வேண்டாம். ராஜா வந்துவிட்டால் பிள்ளை அவரை மட்டுமே பார்க்கும். யோசிப்பது நின்று வேட்டை தொடங்கிவிடும். பிறகு தோற்றதற்கு அழும்.

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். தொழிற்சாலை வாசலில் இரண்டு லாரி ஓட்டுநர்கள் ஆடியதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, நாற்காலிக் கால் கடைந்த மிச்சக் கட்டையில் உன் வகுப்புக்காக அத்தனை சிப்பாய்களையும் கடைந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். நீ படித்தவள், டீச்சர். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ராஜாவை எடுத்துவிடு. அண்ணிக்கு முழங்கால் வலி, எனக்கு இருமல். மற்றபடி சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஜூலை 3

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதம் கிடைத்தது. இருமலுக்கு மருத்துவரைப் பார்த்தீர்களா, இல்லை நீங்களே மருந்து கண்டுபிடித்துவிட்டீர்களா? அண்ணியை மாடிப்படி ஏற விடாதீர்கள்.

ராஜா விஷயத்தில் உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். காரணம் இருக்கிறது. கடிதத்தில் வேண்டாம், நேரில் சொல்கிறேன். ஒருமுறை வாருங்கள் அண்ணா. ஒரு வாரம் போதும். இங்கே இரண்டு புது டீச்சர்கள் வந்திருக்கிறார்கள். கையைத் தொடைக்கு அடியில் வைக்கிற விதியை நான் சொன்னால் சிரிக்கிறார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

போன வாரம் நடந்தது உங்களுக்குப் பிடிக்கும். எல்லோரும் 'கொசு' என்று கூப்பிடுகிற சின்னப் பெண் ஒருத்தி இருக்கிறாள். எதிரில் ஒரு பையன். அவள் கையை அடியில் வைத்துக்கொண்டு அவனையே ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சொல்லு, அவனுக்கு என்ன வேணும்?" என்றேன்.

"மிஸ், அவனுக்கு ஒண்ணுக்குப் போகணும்."

வகுப்பே சிரித்தது. அந்தப் பையன் மட்டும் சிரிக்கவில்லை. "ஆமா மிஸ், அப்பத்துலேர்ந்து" என்று சொல்லிவிட்டு ஓடினான். இந்த வருஷம் அதைவிடச் சரியான பதிலை யாரும் சொல்லவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக, ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதுங்கள்.

வருவீர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கும்,
பாப்பா


ஜூலை 12

பாப்பா,

என் கையெழுத்து மோசம் என்பதைச் சுற்றி வளைக்காமல் நேராகவே எழுதியிருக்கலாம். நாற்பது வருஷம் இதே எழுத்தைத்தான் படித்தாய். அப்போதெல்லாம் புரிந்தது. படிக்கப் படிக்க அண்ணன் எழுத்து புரியாமல் போவது உலக வழக்கம்தான். பெரிதாக எழுத மாட்டேன். தாள் வீண்.

கொசு சொன்னது நல்ல பதில். அது சிப்பாய் ஆட்டத்தால் வந்தது. ராஜாவால் வரவில்லை. குறித்துக்கொள்.

காரணத்தை நேரில்தான் சொல்வாய் என்றால், காரணம் இல்லை என்று அர்த்தம். பட்டறையில் கட்டையைத் தப்பாகக் கடைந்த பையன்கள் எல்லோரும் "நேர்ல சொல்றேண்ணே" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ராஜா மேசையில் இருக்கும்வரை நான் அந்த வகுப்பில் கால் வைக்க மாட்டேன்.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அண்ணி, "எல்லாரைப் பத்தியும் எழுதியிருக்கா, தன்னைப் பத்தி ஒரு வரி இல்லையே, கவனிச்சீங்களா?" என்றாள். ராஜாவைப் பற்றியும்தான் ஒரு வரி இல்லை என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சுகம். உன் சுகத்துக்கு எழுது.

அண்ணன்


ஆகஸ்ட் 20

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள்.

ஒரு உதவி வேண்டும். உங்களைத் தவிர வேறு யாரிடமும் கேட்க முடியாது. புதிதாக ஒரு செட் காய்கள் கடைந்து தர முடியுமா? பெரிய காய்களாக, கையில் எடுத்தால் உள்ளங்கை நிறைய வேண்டும். ஒரு பக்கம் பளிச்சென்று மஞ்சள், மறு பக்கம் கறுப்பு. இப்போதைக்கு உங்கள் பழைய சிப்பாய்களில் பாதிக்கு மஞ்சள் பூசிவிட்டேன்.

வகுப்பில் இன்னொரு பழக்கமும் கொண்டுவந்திருக்கிறேன். பிள்ளைகள் எந்தக் காயை எங்கே வைத்தார்கள் என்பதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். ராஜாவுக்கு ஆபத்து வந்தால் 'செக்' என்று கத்த வேண்டும். வகுப்பு கலகலவென்று இருக்கிறது.

வருவதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே. அண்ணியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
பாப்பா


செப்டம்பர் 2

பாப்பா,

மஞ்சள் பூசினாயா! அந்தக் கட்டையின் ரேகை தெரிய வேண்டும் என்று ஒரு கை வார்னிஷ் மட்டும் போட்டு, ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து வைத்தேன். அதன்மேல் சுவருக்கு அடிப்பதுபோல் பெயின்ட் அடித்திருக்கிறாய்.

சரி, வரிசையாகவே எழுதுகிறேன். முதலில் ராஜா. பிறகு மஞ்சள். பிறகு கத்தல். இப்போது காய் பூசணிக்காய் அளவுக்கு வேண்டுமாம். பிள்ளையின் கை சின்னது, அதனால் காயும் சின்னது. அது தெரியாமலா கடைந்தேன்? எதிரில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, பிறகு வாயை மூடிக்கொண்டு யோசிக்கிற ஆட்டம் இது. உன் வகுப்பில் நடப்பது சந்தை. பெற்றோர்கள் வந்து பார்த்தால் கலகலவென்று தெரிய வேண்டும், அதற்குத்தானே? சொல்லிவிடு. விளம்பரத்துக்கு நான் காய் கடைய மாட்டேன்.

இன்னொன்று. இந்தக் கடிதத்தில் உன் கையெழுத்து இல்லை. வட்ட வட்டமாக வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள். குமாஸ்தா வைத்துக்கொண்டாயா? அண்ணனுக்கு நாலு வரி சொந்தக் கையால் எழுத நேரமில்லை, ராஜாவுக்கு இருக்கிறது.

அண்ணி, "கேக்கறாளே, செஞ்சு குடுத்தா உங்களுக்கு என்ன குறைஞ்சிடும்? அவ சும்மா எதையும் கேக்க மாட்டா" என்கிறாள். குறைவது எனக்கில்லை, ஆட்டத்துக்கு. அவளுக்கு அது புரியாது.

இருமல் பரவாயில்லை.

அண்ணன்


செப்டம்பர் 25

அன்புள்ள அண்ணா,

இருமல் குறைந்தது சந்தோஷம்.

நீங்கள் எழுதியதையெல்லாம் ஏற்றுக்கொள்கிறேன். உங்கள் காயில் கேட்காமல் கை வைத்தது தப்புதான். ஆனால் விளம்பரத்துக்கு இல்லை அண்ணா.

டிசம்பருக்குள் ஒருமுறை வந்துவிடுங்கள். அதற்குப் பிறகு எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. அந்த இரண்டு டீச்சர்களும் பழகிவிட்டால் போதும், நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வகுப்பு நடக்கும். நீங்கள் வருகிற அன்று ராஜாவை எடுத்துப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து பேசி, அதற்குப் பிறகு வைப்பதா எடுப்பதா என்று நீங்களே சொல்லுங்கள்.

கொசு இப்போது நன்றாக ஆடுகிறாள். 'ராஜா பிடிக்காத தாத்தா எப்ப வருவார்?' என்று கேட்கிறாள். உங்களுக்கு வகுப்பில் அதுதான் பெயர். கோபப்படாதீர்கள்.

பாப்பா


அக்டோபர் 6

பாப்பா,

நான் வருகிற அன்று மட்டும் எடுத்துவிட்டு, போன பிறகு திரும்ப வைப்பதா? மேற்பார்வையாளர் வருகிறார் என்றால் எங்கள் பட்டறையிலும் இப்படித்தான் பெருக்குவார்கள்.

என் நிபந்தனை எளிமையானது. ராஜாவை எடு. எடுத்துவிட்டேன் என்று உன் சொந்தக் கையெழுத்தில் எழுது. அடுத்த வண்டியில் ஏறுகிறேன். அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

வேலையிலிருந்து ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது உனக்கு. 'இருந்தாலும் இல்லாவிட்டாலும்' என்றெல்லாம் எழுதி என்னைப் பயமுறுத்தப் பார்க்காதே.

அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அண்ணன்


நவம்பர் 18

பாப்பா,

எழுத வேண்டாம் என்று எழுதினால் எழுதாமலே இருந்துவிடுவதா? சின்ன வயதிலிருந்து நான் சொன்ன எதையும் கேட்காதவள், இதை மட்டும் கேட்டிருக்கிறாய்.

அண்ணிக்குத் தூக்கம் வரவில்லையாம். அதனால்தான் எழுதுகிறேன். சுகமா என்று ஒரு வரி போடு. ராஜாவைப் பற்றி இப்போது பேச வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்வோம்.

அண்ணன்


டிசம்பர் 20

பாப்பா,

இதற்கும் பதில் இல்லை என்றால் என்ன நினைப்பது?

அண்ணி உன் கடிதங்களை எடுத்துக் கட்டில்மேல் பரப்பி வைத்திருக்கிறாள். ஜூலைக் கடிதத்தில் எழுத்து ரொம்பப் பெரிது, வரி ஏறியும் இறங்கியும் போகிறது, சில இடங்களில் ஒரு வரிமேல் இன்னொரு வரி எழுதியிருக்கிறாய் என்று காட்டினாள். நான் அதை அவசரத்தில் எழுதியது என்று நினைத்திருந்தேன்.

பெரிதாக எழுதியிருக்கிறேன், ஒரு வரி விட்டு ஒரு வரி. பார்.

அண்ணன்


ஜனவரி 5

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் தங்கையோடு வேலை பார்க்கும் புது டீச்சர்களில் நானும் ஒருத்தி. ஆகஸ்டிலிருந்து அவர் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதியவளும், உங்கள் கடிதங்களை அவருக்கு வாசித்துக் காட்டியவளும் நான்தான். அவருக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன்.

அவருக்கு ஒன்றரை வருஷமாகவே பார்வை குறைந்துகொண்டு வந்திருக்கிறது. நடுவில் தெரியாது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெரியும். சரிசெய்ய முடியாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். பள்ளிக்குத் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று மறைத்தே பாடம் நடத்தினார். மஞ்சள் பூசியது அதற்காகத்தான், கண்ணின் ஓரத்தில் அது மட்டும்தான் தெரியும். காய் பெரிதாகக் கேட்டதும் தடவிப் பார்க்கத்தான். எல்லாப் பலகையிலும் என்ன நடக்கிறது என்று காதால் தெரிந்துகொள்ளப் பிள்ளைகளைச் சத்தமாகச் சொல்ல வைத்தார். ராஜாவையும் அதற்காகத்தான் வைத்தார். சிப்பாய் மட்டும் ஆடினால் பிள்ளைகள் எதிரில் இருப்பவரிடம் முணுமுணுப்பதோடு சரி. ராஜா இருந்தால் யாராவது 'செக்' என்பார்கள், எந்த மேசையில் எந்தப் பிள்ளை திணறுகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

"அண்ணன்கிட்ட உண்மையைச் சொல்லிடலாமே டீச்சர்" என்று நான் பலமுறை கேட்டேன். "சொன்னா அடுத்த வண்டியில வந்துடுவார். எனக்காக வருவார். ஆட்டத்துக்காக வரணும்" என்று சொல்லிவிட்டார்.

நவம்பரில் ஒரு தகப்பனாரிடம் வேறு பிள்ளையை அனுப்பி வைத்துவிட்டார். அந்தப் பிள்ளைதான், "மிஸ், இது என் அப்பா இல்லை" என்றது. அன்றோடு அவர் வேலை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த உங்கள் கடிதங்களுக்குப் பதில் எழுத வேண்டாம் என்றுவிட்டார்.

உங்கள் அக்டோபர்க் கடிதத்தை வாசிக்கும்போது சில வரிகளை விட்டுவிட்டுத்தான் வாசித்தேன். அவர் கண்டுபிடித்துவிட்டார். "விட்டதையும் வாசி, அண்ணன் குரல் அதுலதான் இருக்கு" என்றார்.

அவரைப் பார்க்க வாருங்கள்.

இப்படிக்கு,
ஒன்றாம் வகுப்பு டீச்சர்


பிப்ரவரி 2

பாப்பாவுக்கு,

இதை உனக்கு வாசித்துக் காட்டுகிற டீச்சரம்மாவுக்கு வணக்கம். அம்மா, இதில் எதையும் விடாமல் வாசியுங்கள்.

வீடு வந்து சேர்ந்துவிட்டேன். வண்டியில் இடம் கிடைத்தது. அண்ணி கதவைத் திறந்ததும் நீ எப்படியிருக்கிறாய் என்று மட்டும் கேட்டாள். என்னை எப்படியிருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை.

நடந்த தவறை நேராகவே சொல்லிவிடுகிறேன். அதுதான் என் பழக்கம். நீ நாலு முறை காய் நகர்த்தினாய். ராஜா, மஞ்சள், சத்தம், பெரிய காய். நாலையும் நான் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் சண்டை போட்டேன். நாலையும் சேர்த்து வைத்து, எதிரில் இருப்பவளுக்கு என்ன வேண்டும் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஒன்றாம் வகுப்பில் என்னை உட்கார வைத்திருந்தால் கொசு என்னைத் தோற்கடித்திருப்பாள்.

உன் வீட்டுக்குள் நுழைந்ததும் பார்த்தேன். அடுப்புத் திருகில் மஞ்சள் நாடா, சுவிட்ச் மேல் மஞ்சள், தாழ்ப்பாளில், குடிக்கிற டம்ளரின் விளிம்பில். என் சிப்பாய்களுக்கு நீ பூசியதும் அதே மஞ்சள். அதை நான் சுவருக்கு அடிக்கிற பெயின்ட் என்று எழுதினேன். அந்த வரியை இந்த டீச்சரம்மா உன் முன்னால் உட்கார்ந்து வாசித்திருக்கிறார்.

"வந்துட்டீங்களா? உங்க முகம் தெரியலை அண்ணா. இத்தனை கோபத்துக்கு அப்புறம் அது ஒரு விதத்துல நல்லதுதான்" என்று நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. சிரிக்காததும் உனக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். தெரிந்தது.

பள்ளிக்குப் போனதை உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. தலைமையாசிரியர் மரியாதையாகத்தான் பேசினார். "ஐயா, ஆட்டத்தை நாங்க குறை சொல்லலை. பிள்ளைங்க முன்னைவிட நல்லா யோசிக்கிறாங்க, நிதானமா இருக்காங்க. சொல்லிக்குடுக்க ஆள் இல்லையே. அந்த ரெண்டு டீச்சரும் பழகியிருந்தா விட்டிருப்பேன். டீச்சர் உங்களைக் கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தாங்க" என்றார். அந்த நேரத்தை இப்போது கையெழுத்துப் பயிற்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். என் சிப்பாய்கள் பொருள்கள் வைக்கிற அறையில், பெருக்குமாறுகளுக்குப் பக்கத்தில், ஒரு வாளியில் கிடக்கின்றன. செப்டம்பரில் நான் வந்திருந்தால் அவை மேசைமேல் இருந்திருக்கும்.

வராந்தாவில் ஒரு சின்னப் பெண் வழிமறித்தாள். "நீங்கதானே ராஜா பிடிக்காத தாத்தா?" என்றாள். ஆமாம் என்றேன். "ஏன் பிடிக்காது?" என்றாள். ஜூன் மாதம் உனக்கு எழுதிய பதில் அப்படியே மனப்பாடமாக இருக்கிறது. அதை விட்டுவிட்டு, "உனக்குப் பிடிக்குமா?" என்று அவளைக் கேட்டேன்.

கிளம்புகிற அன்று, நீ வீட்டில் வைத்திருந்த காய்களில் நாம் ஆடினோமே, அதுதான் வண்டி முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. நீ விரலால் ஒவ்வொரு காயையும் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லட்டுமா?" என்றாய். சொல்லு என்றேன். "நான் கோவிச்சுக்கணும். கோவிச்சுக்கிட்டா உங்களுக்குச் சுலபமா இருக்கும்" என்றாய். பிறகு ஆட்டத்தில் என்னை ஜெயித்துவிட்டாய். நான் விட்டுக்கொடுக்கவில்லை, அதை மட்டும் தெரிந்துகொள்.

முதல் வருஷம் ராஜா கூடாது என்பதில் நான் இன்னும் மாறவில்லை. அதையும் எழுதிவிட வேண்டும். ஆனால் யாருடைய வகுப்பு என்று பார்த்துச் சொல்ல வேண்டியதை, பார்க்காமல் சொல்லிவிட்டேன்.

இனி செய்ய வேண்டியவை, யார் செய்ய வேண்டும் என்பதோடு:

டீச்சரம்மா அந்த வாளியை உன் வீட்டுக்கு எடுத்து வர வேண்டும். பள்ளி தராவிட்டால், கடைந்தவன் கேட்கிறான் என்று சொல்ல வேண்டும். சனிக்கிழமை மாலை உன் முன்னறையில் ஆட்டம் நடத்தலாமா என்று பிள்ளைகளின் பெற்றோரிடம் கேட்க வேண்டும். நாலு பிள்ளை வந்தால் போதும். கொசு கட்டாயம் வர வேண்டும்.

டீச்சரம்மாவே ஆட்டத்தைப் பழக வேண்டும். கையைத் தொடைக்கு அடியில் வைக்கும்போது சிரிக்கக் கூடாது.

தலைமையாசிரியர் அடுத்த ஜூனில் அந்த நேரத்தைத் திருப்பித் தர வேண்டும். தர மாட்டார். தரும்வரை மாதம் ஒரு கடிதம் அவருக்கு நான் எழுத வேண்டும். என்னோடு கடிதத்தில் சண்டை போடுவது எப்படியிருக்கும் என்று உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

உன்னிடமிருந்து பதில் வந்தால் அண்ணிதான் முதலில் வாசிக்க வேண்டும். நான் வாசித்தால் ராஜா என்ற சொல்லைத் தேடிப் போய்விடுவேன்.

நான் பெரிய காய்களைக் கடைய வேண்டும், உள்ளங்கை நிறைகிற மாதிரி. மஞ்சள் காய்களின் தலை வழவழப்பாக இருக்கும். கறுப்புக் காய்களின் தலையில் ஒரு வரி வெட்டிவிடுகிறேன், விரலுக்குத் தெரியும். முதலில் ராஜாவைத்தான் கடைகிறேன். கட்டை இயந்திரத்தில் ஏறிவிட்டது.

நீ அடுத்த கடிதத்தின் முதல் வரியில், நலம் விசாரிப்பதற்கு முன்னால், உனக்கு என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டும். அண்ணி வாசிக்கும்போது நான் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு கேட்பேன்.

அண்ணன்